அவர் போட்ட கடைக்கால், நாம் ஏற்றும் விளக்கு



2020 ஆகஸ்ட் மாதம் கர்நாடக மாநிலம் கொப்பள் ஊரில் நடந்த ஒரு புதுமனை புகுவிழா நாடு முழுக்கப் பேசப்பட்டது. நம்மில் பலரும் டி.வி.யிலோ செல்போனிலோ பார்த்திருப்போம். அந்த ஊர்த் தொழிலதிபர் ஒருவருடைய மனைவி 2017-ல் திருப்பதிக்குப் போகிற வழியில் கார் விபத்தில் இறந்துபோனார். பெரிதாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. கணவர் அந்த வீட்டைக் கட்டி முடித்தார். மனைவியைப் போலவே சிலிக்கானில் ஒரு சிலை செய்து, பட்டுப்புடவை கட்டி, சோபாவில் உட்கார வைத்து, மகள்களோடு சேர்ந்து விழா நடத்தினார். பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள்.

இப்போது இதையே திருப்பிப் போட்டுப் பார்ப்போம். கணவர் ஆசைப்பட்டுத் தொடங்கிய வீடு பாதியில் நிற்கிறது. அவர் போய்விட்டார். மனைவிதான் முடிக்க வேண்டும். அப்போது என்ன நடக்கிறது?

பல்லடம், அவிநாசி, காங்கேயம், ஊத்துக்குளி என்று எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும் இந்தக் காட்சி இருக்கிறது. லிண்டல் வரைக்கும் எழும்பி நிற்கும் ஹாலோ பிளாக் சுவர். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த கம்பி. உள்ளே முளைத்த வேலிக்கருவை. பணம் தீர்ந்து நின்ற வீடும் உண்டு, ஆள் போய் நின்ற வீடும் உண்டு.

கொப்பள்காரரிடம் யாரும் "இடம் யார் பேருல இருக்குது?" என்று கேட்கவில்லை. "உனக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வீடு?" என்றும் கேட்கவில்லை. நம் வீட்டுப் பெண்ணிடம் இரண்டையும் கேட்கிறார்கள். அதனால் இந்த மாதம், கணவர் விட்டுப்போன வீட்டை ஒரு சகோதரி எப்படி முடிப்பது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லப் போகிறோம். ஒரே ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வையுங்க. சுவர் வேலையைத் தொடங்கும் முன் உரிமை வேலையை முடிக்க வேண்டும்.

புரிவதற்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கணவர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டைலர். பல்லடம் பக்கம் மூன்று சென்ட் இடம் வாங்கி, லிண்டல் வரை கட்டியிருந்தார். திடீரென்று மாரடைப்பில் இறந்துவிட்டார். மனைவி செக்கிங் வேலைக்குப் போகிறார். பள்ளிக்கூடம் போகும் மகள் ஒன்று, மகன் ஒன்று. கூடவே வயதான மாமியார். எல்லாரும் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். இந்தச் சகோதரி என்ன செய்ய வேண்டும்?

1. முதலில் காகிதம்

துக்க வீட்டில் காகிதம் பேசுவது கஷ்டம்தான். ஆனாலும் குழுவில் இருந்து இரண்டு பேர் கூடப் போய் இதைச் செய்துகொடுக்க வேண்டும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. நாள் தள்ளினால் கட்டணமும் அலைச்சலும் கூடும். இறப்புச் சான்றில் பெயர், அப்பா பெயர், எழுத்து எல்லாம் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்க. ஒரு எழுத்து மாறினால் பிறகு பி.எஃப். அலுவலகத்திலும் வங்கியிலும் திருப்பி அனுப்புவார்கள். சான்று கையில் வந்ததும் பத்து நகல் எடுத்து வையுங்க.

அடுத்தது வாரிசுச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகு தாசில்தார் கொடுப்பார். இதில் மாமியார் பெயரை விட்டுவிடக் கூடாது. "அவங்க வயசானவங்க, எதுக்கு?" என்று யாராவது சொல்லி விடச் சொல்வார்கள். வாரிசை மறைத்து வாங்கிய சான்று பின்னால் செல்லாமல் போகலாம், வழக்கும் வரலாம்.

மூன்றாவது, வீட்டில் இருக்கும் காகிதத்தை எல்லாம் ஒரே பையில் சேருங்க. கிரயப் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, கட்ட வாங்கிய அனுமதி, வங்கிப் பாஸ்புத்தகம், கம்பெனி அடையாள அட்டை, நகைக்கடன் சீட்டு, கம்பி சிமெண்ட் வாங்கிய பில் எல்லாம் அதில் இருக்கட்டும். பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்க. கேட்பவர்களுக்கு நகல் கொடுங்க, அசல் வேண்டாம்.

நான்காவது, முதல் மூன்று மாதம் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். "சும்மா ஒரு பேப்பர்தான் அம்மிணி" என்று நீட்டினாலும், "எங்க குழுவுல படிச்சுக் காட்டிட்டுப் போடறேனுங்க" என்று சொல்லுங்க. அப்படிச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

2. வீடு யாருக்குச் சொந்தம்?

இது இடம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இடம் கணவர் சம்பாதித்து அவர் பெயரில் வாங்கியது என்றால்: உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், கணவரின் தாய் எல்லாருக்கும் சமபங்கு. நாம் சொன்ன குடும்பத்தில் நாலு பேர். ஆளுக்குக் கால் பங்கு. மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவுதான். மாமனார் உயிரோடு இருந்தாலும் இவர்கள் இருக்கும்போது அவருக்குப் பங்கு வராது. கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும் பங்கு கிடையாது. மனைவி பிறகு மறுமணம் செய்துகொண்டாலும், கணவர் இறந்தபோது வந்த பங்கு போகாது.

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. இஸ்லாமியக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மற்றவர்களுக்கு அவரவர் முறைப்படி.

இடம் மாமனார் பெயரில் இருந்தால்: நம்ம பக்கம் அதிகம் சிக்கல் வருவது இங்கேதான். "அப்பா இடம்தானே, எழுதறது எப்ப வேணா எழுதிக்கலாம்" என்று அவர் கட்டத் தொடங்கியிருப்பார். மாமனார் தானாகச் சம்பாதித்து வாங்கிய இடம் என்றால், அவர் இருக்கும்வரை அது அவர் சொத்து. அதன்மேல் நாம் எத்தனை லட்சம் கொட்டினாலும் இடம் நம் பெயருக்கு மாறாது. அவர் உயில் எழுதாமல் இறந்தால், முன்னாலேயே இறந்த மகனின் பங்கு அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வரும். அது வேறு. அதை நம்பி இன்றைக்குக் கடன் வாங்கி மேல் காங்கிரீட் போடக் கூடாது. மாமனாரிடம் பேசி, மருமகள் பேரிலோ பேரப்பிள்ளைகள் பேரிலோ தானசெட்டில்மெண்ட் பத்திரம் பதிவு செய்துகொண்ட பிறகே செங்கல் இறக்க வேண்டும். யார் பெயருக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். எழுதும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்க. பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு வேறு. அதற்கு வக்கீலைப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழே இருந்தால்: அவர்கள் பங்கை விற்கவோ அடமானம் வைக்கவோ தாய்க்கே கூட நீதிமன்ற அனுமதி வேண்டும். வங்கியில் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதி வேலையில் வந்து தெரிந்தால் மறுபடியும் வீடு நின்றுவிடும்.

மாமியார் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் மனமுவந்து மருமகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் கட்டாயப்படுத்தி வாங்குவது தப்பு. மகனைப் பறிகொடுத்த தாய்க்கும் கடைசி வரைக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். "இந்த வீட்டுல உங்களுக்கு ஒரு ரூம் உங்க காலம் வரைக்கும்" என்று நாலு பேர் முன்னால் சொல்லுங்க. பத்திரத்திலும் எழுதுங்க. பயம் போனால் பாதிச் சண்டை போய்விடும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நினைக்க வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். 15100 என்ற எண்ணில் பேசலாம்.

3. வர வேண்டிய பணத்தை முதலில் வாங்குங்க

கடன் வாங்கும் முன், கணவர் உழைப்பில் சேர்ந்த பணம் எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்க. கேட்காததால் அப்படியே கிடக்கும் பணம் உண்டு.

பி.எஃப்.: கம்பெனியில் பி.எஃப். பிடித்திருந்தால் மூன்று பலன். ஒன்று, சேர்ந்த தொகை. இரண்டு, மனைவிக்கு மாத ஓய்வூதியம். வேலையில் இருக்கும்போது இறந்தால், அவர் ஒரு மாதம் சந்தா கட்டியிருந்தாலும் இது உண்டு. குறைந்தது மாதம் 1,000 ரூபாய். பிள்ளைகள் இரண்டு பேருக்கு 25 வயது வரை தனியாக வரும். மூன்று, காப்பீட்டுத் தொகை. தொழிலாளி இதற்கென்று ஒரு பைசா கட்டத் தேவையில்லை, கம்பெனிதான் கட்டுகிறது. அதனாலேயே பலருக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியாது. 2021-ல் இதன் உச்சவரம்பு 7 லட்சமாக ஆக்கப்பட்டது. கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தின் 35 மடங்கு என்பது அடிப்படைக் கணக்கு. பி.எஃப். பிடித்த சம்பளம் 12,000 என்றால் அதுவே 4,20,000 ஆகிறது. லிண்டலில் நிற்கும் வீட்டுக்கு மேல் காங்கிரீட் போட இது போதாதா? வேலையில் இருந்த காலத்தில் இறந்திருந்தால்தான் காப்பீடு கிடைக்கும். கம்பெனி கையெழுத்து வேண்டும் என்பதால் கணக்குப் பிள்ளையையோ மேனேஜரையோ சீக்கிரம் பாருங்க.

இ.எஸ்.ஐ.: வேலை சம்பந்தமான விபத்தில் இறந்தால் சம்பளத்தில் 90 சதவீத அளவு குடும்பத்துக்கு மாதாமாதம் பிரித்துத் தரப்படும். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால் இதில் சேரும். காலை ஷிப்டுக்கு பைக்கில் போகும்போது நடந்ததை "ரோட்டு விபத்துதானே" என்று விட்டுவிடக் கூடாது. சாதாரண நோயில் இறந்திருந்தால் இந்த மாதத் தொகை வராது. ஆனால் இறுதிச் சடங்குச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை கேட்கலாம்.

வங்கிக் காப்பீடு: பாஸ்புத்தகத்தில் வருடத்துக்கு ஒரு தடவை 436 ரூபாய் (2022-க்கு முன் 330) பிடித்திருந்தால், அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் (முன்பு 12) பிடித்திருந்தால், அது விபத்துக் காப்பீடு. விபத்தில் இறந்தால் 2 லட்சம். இரண்டும் 2015-ல் வந்தவை. இறந்த 30 நாளுக்குள் வங்கியில் எழுதிக் கொடுப்பது நல்லது. தாண்டிவிட்டாலும் போய்க் கேளுங்க.

வீட்டுக் கடன்: கணவர் வங்கியில் வீட்டுக் கடன் வாங்கியிருந்தால், அதோடு காப்பீடும் எடுத்தாரா என்று மேலாளரிடம் கேளுங்க. எடுத்திருந்தால் மீதிக் கடனைக் காப்பீட்டு நிறுவனம் அடைக்கும். எடுக்கவில்லை என்றால், அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. நீங்களும் கூடக் கையெழுத்துப் போட்டிருந்தால், ஜாமீன் நின்றிருந்தால், அது உங்கள் கடனும்தான்.

நல வாரியம்: பி.எஃப். இல்லாத தையல், விசைத்தறி, கட்டிட வேலைக்காரர்கள் நல வாரிய அட்டை எடுத்திருந்தால் இறப்பு உதவி உண்டு. அட்டையோடு தொழிலாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கும் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுங்க. அந்தத் தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ஆக உயர்த்தப்பட்டது.

அரசு வீடு: கணவர் பெயரில் பிரதமர் வீட்டுத் திட்டம் போன்ற அரசுத் திட்டத்தில் அனுமதியான வீடு பாதியில் நின்றால், இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்துக்கொண்டு வட்டார வளர்ச்சி அலுவலரைப் பாருங்க. வாரிசு பெயருக்கு மாற்றி, வேலை நடக்க நடக்க மீதித் தவணையைக் கேட்கலாம். ஆனால் புதுத் திட்டத்தில் பணம் வாங்கி, சொந்தச் செலவில் தொடங்கிய பாதி வீட்டை முடித்துவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் குடிசையில் இருப்பவர்கள் புதிதாக வீடு கட்டுவதற்காக வந்தது. "வாங்கித் தரேன், முன்பணம் கொடுங்க" என்று வருகிற ஆளுக்குப் பத்துப் பைசா கொடுக்காதீங்க.

4. சொந்தபந்தம் கொடுப்பதை எழுதி வையுங்க

பாதியில் நின்ற வீட்டை ஒற்றை ஆளாக முடித்தவர் குறைவு. அண்ணன் சிமெண்ட் இறக்குவார். கொழுந்தனார் சென்ட்ரிங் பலகை கொண்டுவருவார். அப்பா ஆட்டை விற்றுக் கொடுப்பார். நாத்தனார் வளையலைக் கழற்றித் தருவார். அந்த மனசுக்கு விலை கிடையாது. ஆனால் பணத்துக்குக் கணக்கு உண்டு.

கொடுக்கும்போது எல்லாரும் "இருக்கட்டும் புள்ள, அப்பறம் பாத்துக்கலாம்" என்பார்கள். அஞ்சு வருடம் கழித்து அவர்கள் வீட்டில் ஒரு கல்யாணம் வரும். அப்போது "நான் போட்ட காசுதானே அந்த வீடு" என்ற பேச்சு வரும். அப்படிக் கேட்பவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் முடை. அன்றைக்கே தெளிவாகப் பேசாததுதான் காரணம்.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்க. தேதி, யார் கொடுத்தது, எவ்வளவு, அது சீரா, கைமாத்தா என்று நாலு கட்டம். கைமாத்து என்றால் எப்போது திருப்பித் தருவது என்றும் எழுதுங்க. கொடுத்தவர் கையெழுத்தும் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும். குழு நோட்டில் உள்கடன் எழுதிப் பழகின நமக்கு இது புதுசு இல்லை. உங்கள் நகையை விற்றுப் போட்டிருந்தால் அந்த ரசீதையும் அதே நோட்டில் ஒட்டி வையுங்க.

ஆள் உழைப்பும் உதவிதான். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் வந்து கல் சுமந்தால் அன்றைக்குச் சித்தாள் கூலி மிச்சம். அதையும் எழுதுங்க. நாளைக்கு அவர்கள் வீட்டு வேலைக்கு நாம் போக வேண்டும் அல்லவா?

5. கனவைச் சுருக்குவது துரோகம் இல்லை

இது சொல்லக் கஷ்டமான விஷயம். அவர் மாடி வீடு நினைத்திருப்பார். போர்டிகோ, மார்பிள் என்று நோட்டில் வரைந்து வைத்திருப்பார். "அவர் ஆசைப்பட்ட மாதிரியே முடிக்கோணும்" என்று பல சகோதரிகள் பிடிவாதமாக இருக்கிறார்கள். அந்தப் பாசம் புரிகிறது. ஆனால் அவர் திட்டம் போட்டது இரண்டு சம்பளத்தை நம்பி. இப்போது ஒரு சம்பளம்தான். அவர் உண்மையில் ஆசைப்பட்டது பிள்ளைகள் வாடகை வீட்டில் இல்லாமல் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதுதானே? பத்துச் சதுர வீட்டைக் கடனில் முடித்து ஏலத்துக்கு விடுவதை விட, நாலு சதுரத்தை முடித்துக் குடியேறுவது அவர் ஆசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாடிப்படிக்கு இடம் விட்டு வையுங்க. மகனோ மகளோ மேலே கட்டட்டும்.

வேலையை மறுபடி தொடங்கும்போது கவனிக்க வேண்டியவை:

வீடு ஒரு வருடத்துக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நின்றிருந்தால், மேல் காங்கிரீட் போடும் முன் ஒரு இன்ஜினியரை அழைத்துச் சுவரையும் தூணையும் காட்டுங்க. அவருக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. நீட்டியிருக்கும் கம்பியில் மேலாகத் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். செதில் செதிலாக உதிர்ந்து கம்பி மெலிந்திருந்தால் மாற்று வழி சொல்லச் சொல்லுங்க.

அவர் வாங்கி அடுக்கிய சிமெண்ட் மூட்டை மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் வலு குறைந்திருக்கும். அதைக் கூரைக்குப் போடக் கூடாது. "அவர் வாங்கி வச்சது" என்று மனசு கேட்காது. ஆனாலும் தலைக்கு மேல் வரும் விஷயம்.

கான்கிரீட் போட்ட பிறகு குறைந்தது பத்து நாள் தண்ணீர் விடுங்க. மேஸ்திரி சொன்னாலும் சென்ட்ரிங்கை அவசரப்பட்டுப் பிரிக்க விடாதீங்க. எத்தனை நாளில் பிரிக்கலாம் என்று அந்த இன்ஜினியரிடமே கேட்டு எழுதி வாங்குங்க.

முதலில் கூரை. பிறகு ஒரு ரூம், சமையல் கட்டு, கக்கூஸ். இவற்றுக்கு மட்டும் ஒயர், பைப், பூச்சு, கதவு முடித்துக் குடியேறிவிடுங்க. அன்றையிலிருந்து வாடகை மிச்சம். அந்த வாடகைப் பணம்தான் மீதி வேலைக்கு முதல். வெளிப்பூச்சு, டைல்ஸ், பெயிண்ட் எல்லாம் ஒவ்வொரு தீபாவளி போனஸுக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

மேஸ்திரியிடம் சதுர அடிக்கு எவ்வளவு, எந்தெந்த வேலை சேர்ந்தது, எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு பணம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்க. வேலைக்கு முன்னால் பணம் ஓடக் கூடாது. ஒரு கட்டம் முடிந்தால் ஒரு கட்டத்துக்குப் பணம்.

6. கடன் வாங்கினால், மோசமான மாதத்தை வைத்துக் கணக்குப் போடுங்க

நம்ம ஊர்ச் சம்பளம் ஆர்டரைப் பொறுத்தது. 2011-ல் சாயப்பட்டறைகள் மூடியபோது பார்த்தோம். 2020 ஊரடங்கில் பார்த்தோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் பார்த்தோம். ஒன்றரை ஷிப்ட் ஓடும் மாதத்தை வைத்துத் தவணை பேசினால், அரை ஷிப்ட் மாதத்தில் மாட்டிக்கொள்வோம். வேலை குறைந்த மாதத்தில் எவ்வளவு கட்ட முடியுமோ, அதுதான் உங்கள் தவணை.

வட்டியைப் பாருங்க. ஒரு லட்ச ரூபாயைக் குழு மூலம் வருடத்துக்கு 12 சதவீதம், குறையும் நிலுவைக்கு வட்டி என்று வாங்கி 24 மாதத்தில் அடைத்தால் மாதம் சுமார் 4,707 வரும். மொத்த வட்டி சுமார் 13,000. அதே ஒரு லட்சத்தை வெளியில் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கி, 24 மாதம் வட்டி மட்டும் கட்டினால் 48,000 போயிருக்கும். அசல் ஒரு லட்சம் அப்படியே நிற்கும். மேல் காங்கிரீட் போட்ட சந்தோஷம் எத்தனை நாளைக்கு?

மீட்டர் வட்டி, கந்துவட்டி பக்கம் போகவே வேண்டாம். அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தைத் தனியாரிடம் "சும்மா வச்சுக்கங்க" என்று கொடுப்பதும், கடனுக்குப் பதிலாகக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுப்பதும் வீட்டை இழப்பதற்குச் சமம்.

7. குழு என்ன செய்யலாம்?

ஒரு சகோதரிக்கு இப்படி ஆனால், "பாவம்" என்று சொல்லிவிட்டுக் கடன் தவணையை மட்டும் கேட்கும் குழுவாக நாம் இருக்கக் கூடாது.

- ஊக்குநரும் பிரதிநிதியும் முதல் வாரமே வீட்டுக்குப் போக வேண்டும்.
- தாலுகா அலுவலகம், வங்கி, பி.எஃப். அலுவலகம் போகும்போது கூட ஒரு உறுப்பினர் போக வேண்டும். ஒரு ஷிப்ட் சம்பளம் போகும்தான். முறை வைத்துப் போகலாம்.
- மூன்று மாதம் சேமிப்பு, தவணை இரண்டிலும் அவகாசம் கொடுத்துத் தீர்மானம் போடலாம்.
- வீட்டு வேலைக்கு உள்கடன் கொடுக்கும்போது மொத்தமாகக் கொடுக்காமல் கூரை, பூச்சு, கதவு என்று கட்டம் கட்டமாகக் கொடுக்கலாம்.
- சொந்தங்களோடு பேச்சு வார்த்தை வந்தால், இரண்டு மூத்த உறுப்பினர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். சண்டைக்கு இல்லை, சாட்சிக்கு.

கணவர் இருக்கும் சகோதரிகளுக்கும் வேலை இருக்கிறது. இடம் வாங்கும்போதே இரண்டு பேர் பெயரிலும் வாங்குங்க. பி.எஃப்.பில் நாமினி பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்க. கல்யாணத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர் என்றால் அம்மா பெயரே இன்னும் இருக்கலாம். பத்திரம் எங்கே இருக்கிறது, கடன் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதைக் கேட்டால் அபசகுனம் என்பார்கள். தெரியாமல் நிற்பதுதான் கஷ்டம்.

8. பால் காய்ச்சும் நாள்

கடைசியாக ஒன்று. எல்லாம் முடிந்து புண்ணியார்ச்சனைக்கு நாள் குறிப்பார்கள். வாசலில் மாவிலை கட்டுவார்கள். அப்போது யாராவது மெதுவாகச் சொல்வார்கள், "நீ கொஞ்சம் பின்னால நில்லு, சுமங்கலி யாராவது பால் காய்ச்சட்டும்" என்று.

காகிதத்துக்கு அலைந்தது யார்? கூரைக்குத் தண்ணீர் விட்டது யார்? ஓவர்டைம் பார்த்துச் சனிக்கிழமைச் சம்பளத்தைக் கம்பிக்குக் கொடுத்தது யார்? அவளை அவள் வீட்டுக்குள்ளேயே பின்னால் நிறுத்துவது எந்தச் சாமிக்கும் அடுக்காது. கொப்பள் ஊரில் மனைவியை இழந்தவரை யாரும் ஓரமாக நிற்கச் சொல்லவில்லை. நம் சகோதரியை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

அன்றைக்குக் குழுவில் இருக்கும் அத்தனை பேரும் போய் நிற்க வேண்டும். அவர் படத்துக்கு மாலை போட்டு வையுங்க. பக்கத்தில் மாமியாரை உட்கார வையுங்க. அடுப்பை அந்தச் சகோதரியே பற்ற வைக்கட்டும். பால் பொங்கும்போது பிள்ளைகள் இரண்டு பேரும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

மொய் எழுதுகிறவர்கள் மறக்காமல் அவள் பெயரிலேயே எழுதுங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச: நம் குழுவில் பாதியில் நிற்கும் வீடு யாருடையது? இடம் யார் பெயரில் இருக்கிறது? பாஸ்புத்தகத்தில் 436, 20 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று எத்தனை பேர் பார்த்தோம்? எல்லாரும் அவரவர் பாஸ்புத்தகத்தைக் கையோடு கொண்டு வாங்க.